கொத்தமல்லி அக்காவும் தவளை சைக்கிளும்

முருகப்பெருமானை நேருக்கு நேர் நின்று அதட்டக்கூடிய ஒரே மனுஷி, எங்கள் உத்திரமேரூர் பஜாரில் கொத்தமல்லி அக்காதான். சூரபத்மன்கூட அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க மாட்டான். நான் கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவன். முருகன் படத்துக்கு முன்னால் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வேன். அக்கா என்னடாவென்றால் கீரைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னதியில் நின்று, "இன்னா, நான் பேசறது காதுல வுழுதா இல்லியா?" என்று கேட்பாள். குருக்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வார். பதில் வந்தால் நாம் குறுக்கே நிற்கக்கூடாதே என்று.

அக்கா காவாந்தண்டலம் பக்கத்து வயல்களில் கொத்தமல்லியும் கீரையும் வாங்கிக் கட்டி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்பாள். பஜாரில் என் தையல் கடையும் பாயின் சைக்கிள் கடையும் அடுத்தடுத்து. ரெண்டுக்கும் நடுவில் ஒரு புங்க மரம். அதன் நிழல்தான் அக்காவின் கடை. ஒரு நாள் ஆபீசர் வீட்டு அம்மா ஒருத்தர் வந்து, "என்னம்மா, கட்டு இவ்ளோ சின்னதா இருக்கு?" என்றார். அக்கா அந்தக் கட்டிலிருந்து நாலு காம்பை உருவிக் கூடையில் போட்டுக்கொண்டு, "இப்ப பாரு, இன்னும் சின்னதா கீது" என்று நீட்டினாள். அந்தம்மா அதையே வாங்கிக்கொண்டு போனார். வேறு வழி? இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் வெறும் வாழைநார்தான் மிஞ்சியிருக்கும்.

ரெண்டாயிரம் பிறந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். அக்காவின் ஒரே மகள் செல்விக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போனது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே எங்கள் ஆற்றங்கரை முருகனைக் கூப்பிட்டாள். "எம்பொண்ண எழுப்பி உக்கார வை. வர்ற ஆடிக் கிருத்திகைக்கு என் தலைல பால்குடம் எடுத்தாரேன். ஒரு சொட்டு சிந்தாம எடுத்தாரேன்."

பால்குடம் எடுக்கிறேன் என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். ஒரு சொட்டு சிந்தாமல் என்று யாரும் வாயை விட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் குடத்துக்கு வாய் கட்டுகிற வழக்கம் கிடையாது. மேலே நாலு மாவிலை சொருகுவதோடு சரி. நடக்கிற நடையில் கொஞ்சம் தளும்பித் தோளில் விழும். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சாமி நமக்கென்று விட்டுவைத்திருந்த அந்தச் சின்ன இடுக்கையும் அக்கா தானே அடைத்துக்கொண்டாள்.

செல்வி எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தாள். வீட்டுக்கு வந்தாள். முருகன் சொன்ன பேச்சைக் காப்பாற்றிவிட்டார். அதற்கப்புறம்தான் அக்கா மழை நாளில் வரப்பில் வழுக்கி விழுந்து குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டாள்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் காலை ஊன்றினால் உயிர் போனது. ஆளாளுக்கு வழி சொன்னார்கள். குருக்கள், "அடுத்த வருஷம் எடுக்கலாம்மா, தோஷமில்ல" என்றார்.

"அவரு இன்னா, அடுத்த வருசம் காப்பாத்தறேன்னா சொன்னாரு? கேட்ட அன்னிக்கே காப்பாத்தினாரு இல்ல?"

செல்வி, "நான் எடுக்கறம்மா" என்றாள்.

"வேண்டினது என் வாயி. எடுக்கறது உன் தலையா? போடி அந்தாண்ட."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஆட்டோல போயிடலாமே அக்கா" என்றேன்.

"ஆட்டோல போனா அது வேண்டுதலா, சவாரியா? டெய்லரு, நீ காஜா எடுக்கற வேலையப் பாரு."

பாய் கடை வாடகை சைக்கிளில் விளையாட்டாக ஏறி உட்கார்ந்தபோதுதான் அக்காவுக்கு அது தெரிந்தது. நின்றால்தான் குதிகால் வலிக்கிறது, மிதித்தால் வலிக்கவில்லை. உடம்பு பாரத்தை சீட்டு வாங்கிக்கொள்கிறது, கால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் போதும். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். தலையில் பால்குடம், அதைப் பிடிக்க ஒரு கை, ஹேண்டில்பாருக்கு ஒரு கை. "கேரியர்ல வெச்சிக் கட்டிக்கயேன்" என்றார் பாய். "சாமி பாலை எம்முதுகுக்குப் பின்னால உக்கார வெக்கச் சொல்றியா?" என்று அக்கா கேட்டதும், பாய் பஞ்சர் ஒட்டப் போய்விட்டார்.

குடத்தில் தண்ணீரை நிரப்பி வாடகை சைக்கிளில் ஒரு சுற்று போய் வந்தாள். எங்கள் ரோட்டைப் பற்றி நான் ஒன்றும் எழுத மாட்டேன். சாமி விஷயம் எழுதும்போது கெட்ட வார்த்தை வரக்கூடாது. அக்கா திரும்பி வந்தபோது புடவை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "குளிச்சிட்டியா அக்கா?" என்று பாய் கேட்டார். கேட்டவர் உடனே உள்ளே போய்ப் பதுங்கிக்கொண்டார்.

அக்காவின் தம்பி மகன் மெட்ராஸில் காலேஜுக்கு ஓட்டிய மலை சைக்கிள் ஒன்று அங்கே அவர்கள் வீட்டு மூலையில் கிடந்தது. அப்போது அந்த மாதிரி சைக்கிள் புதுசு. தடித்த டயர், நடுவில் பார் இல்லாமல் வளைந்த பாடி. பாடிக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், மோட்டார் சைக்கிளில் இருப்பது போல ஒரு ஸ்பிரிங்கு. மிதித்தால் பின்பக்கம் எம்பி எம்பிக் குதிக்கிறது என்று பையன் வெறுத்துப்போய் விட்டிருந்தான். அக்கா அதைப் பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்து பாய் கடை வாசலில் இறக்கினாள். பஜார் பிள்ளைகள் அன்றைக்கே அதற்குத் 'தவளை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"பாய், இதுல ஸ்பிரிங்கு கீது. பள்ளத்துல வுழுந்தா என் தலைக்குத் தெரியக்கூடாது. அந்த மாதிரி பண்ணு."

"அக்கா, நான் சீட்டுக்கு அடில தான் ஸ்பிரிங்கு பாத்துகிறேன். இது இன்னா, லாரி மாதிரி கீது."

ஸ்பிரிங்கின் தலைமாட்டில் ஒரு திருகு வளையம் இருந்தது. அதை ஒரு பக்கம் திருகினால் ஸ்பிரிங்கு இறுகும், மறுபக்கம் திருகினால் தளரும். பாய்க்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். திருகு என்று எதைப் பார்த்தாலும் முடுக்கிவிடுவார். "டைட்டா இருந்தா தான் ஸ்ட்ராங்கு" என்று கடைசிச் சுற்று வரைக்கும் முடுக்கினார். அக்கா கூட்ரோடு வரைக்கும் போய்விட்டு ஈரத்தோடு வந்தாள்.

"இன்னா பாய், உள்ள உலக்கையா வெச்சிகினே? ரோட்டுல கெடக்கற கல்லு ஒண்ணொண்ணும் எம்முதுகெலும்பக் கூப்ட்டு நலம் விசாரிக்குது."

சரி என்று மறுபக்கம் கடைசி வரைக்கும் தளர்த்தினார். அக்கா உட்கார்ந்ததும் சைக்கிள் சோபா மாதிரி அமிழ்ந்தது. "ஆங், ஜோரா கீது" என்று கிளம்பினாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த ஸ்பீட் பிரேக்கரில் ஸ்பிரிங்கு மொத்தமாக அமுங்கி, இரும்போடு இரும்பு 'டக்'கென்று மோதியது. குடம் ஒரு சாண் எழும்பி மறுபடி தலையிலேயே வந்து உட்கார்ந்தது. தண்ணீர் மட்டும் அதோடு திரும்பி வரவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ரவிக்கையை ஆணியில் மாட்டிவிட்டு அளவெடுக்க முடியுமா? ஆள் மேல் வைத்துத்தானே எடுக்க வேண்டும்! டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்பிரிங்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே, சைக்கிள் வெறுமனே நிற்கும்போது ஒரு அளவு எடுத்தேன். அப்புறம் அக்காவை ஏற்றி, ரெண்டு காலையும் பெடலில் வைக்கச் சொல்லி, தலையில் நிறைகுடத்தோடு இன்னொரு அளவு. பாய் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். ஸ்பிரிங்கு நடுவில் தெரிகிற கம்பியில் ஊசியால் ஒரு சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டினேன். அக்கா போய்விட்டு வந்து இறங்கினால், பள்ளத்தில் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அந்த நூல் நகர்ந்திருப்பதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அரைத் திருகு முடுக்கி, கால் திருகு தளர்த்தி, தினமும் இதே வேலை. என் மனைவி, "கடைல துணி தைக்கறீங்களா, சைக்கிள் தைக்கறீங்களா?" என்று கேட்டாள். முடிவில் ஒரு நாள் அக்காவின் தோள் காய்ந்தபடி திரும்பி வந்தது. அளந்து பார்த்தேன். அக்கா உட்கார்ந்ததும், கம்பி அமுங்கக்கூடிய நீளத்தில் நாலில் ஒரு பங்கு உள்ளே போகிறது. மிச்சம் முக்கால் பங்கு பள்ளத்துக்காகக் காத்திருக்கிறது. அதுதான் கணக்கு. வளையத்தின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். இப்போது பெரிய விலை கொடுத்து இந்த மாதிரி சைக்கிள் வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன். சைக்கிள் தனியாக நிற்கும்போது ஸ்பிரிங்கு பொய் சொல்லும். உடுத்துவதை உடுத்து, சுமப்பதைச் சுமந்து ஏறி உட்காருங்கள், அப்போதுதான் உண்மை சொல்லும்.

தவளைக் குதியலுக்கும் மருந்து கிடைத்தது. அக்கா வயலில் சேறு மிதிப்பது போல ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தாள். "என் மிஷினப் பாருக்கா" என்று தையல் மிஷினை மிதித்துக் காட்டினேன். ஒரே சீராக, உதைக்காமல். அப்படி மிதித்ததும் தவளை அடங்கிவிட்டது.

பாய்க்கு மட்டும் மனதில் ஒரு உறுத்தல். "அக்கா, நான் பிஸ்மில்லா சொல்லித்தான் திருகினேன். உங்க சாமி கோச்சிக்குமா?"

"அவரு கோச்சிக்க மாட்டாரு. நட்டு கழண்டுச்சின்னா நான் கோச்சிக்குவேன்."

இந்தச் சேதி கோயில் தர்மகர்த்தாவின் காதுக்குப் போனது. நிலமும் கிணறும் உள்ள பெரிய மனுஷர். தோள் துண்டு கலையாமல் கோபப்படுவார். நேராகப் புங்க மரத்தடிக்கு வந்துவிட்டார்.

"சைக்கிள்ல பால்குடமா? இத்த வுட்டா நாளைக்கு ஒருத்தன் லாரில காவடி எடுத்துக்கினு வருவான்."

"வரட்டுமே நைனா. அவரு மட்டும் மயில் மேல ஒக்காந்து வரலாம், நான் சைக்கிள் மேல வரக்கூடாதா?"

"மயிலுக்குப் பெடலு கீதா?"

"ஸ்பிரிங்கு இல்லாததால தான் அது பறந்து போவுது."

தர்மகர்த்தா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ஆடி பிறந்ததும் அக்கா விரதம் ஆரம்பித்தாள். எங்களைப் போல ராத்திரி மட்டும் பலகாரம் என்கிற விரதம் இல்லை. முதலில் ஒரு வேளைச் சோறு, அப்புறம் அதுவும் நின்று வெறும் பாலும் பழமும். வெயிலில் கூடையோடு உட்கார்ந்து விற்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஸ்பிரிங்குதான் சரியாகிவிட்டதே என்று தவளையைப் பாய் கடையில் மூடி வைத்தோம்.

கிருத்திகைக்கு முதல் நாள் ஒத்திகைக்காக வெளியே எடுத்தோம். சாக்பீஸ் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அக்கா ஒரு சுற்று போய் வந்தபோது தோளெல்லாம் ஈரம். மறுபடி போனாள், மறுபடியும் ஈரம். நூல் முன்பு நகர்ந்த தூரத்தில் பாதிகூட நகரவில்லை. துரு பிடித்திருக்கும் என்று பாய் எண்ணெயாகக் கொட்டினார். எண்ணெய் வழிந்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத் தர்மகர்த்தா அந்தப் பக்கம் வந்தார். ஈரப்புடவையைப் பார்த்துவிட்டு, "சாமிக்கு இஷ்டமில்ல, அவ்ளோதான்" என்றார்.

"இஷ்டமில்லன்னா எங்கிட்ட சொல்லட்டும். உங்கிட்ட இன்னாத்துக்கு சொல்லி அனுப்பறாரு? நான் பக்கத்துல தானே கீறேன்?"

அவர் போன பிறகு அக்கா மரத்தடியில் உட்கார்ந்தாள். பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "டெய்லரு, ஒரு சொட்டுன்னு நான் வாய வுட்டிருக்கக் கூடாதோ?" என்றாள். "பொண்ணு மூச்சு இழுத்துக்கினு கெடந்தா. அப்ப எனுக்கு அளந்து பேசத் தெரியல."

கந்தா, இதென்ன சோதனை என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அதற்குள் செல்வி என் கடையிலிருந்து அம்மாவின் மஞ்சள் ரவிக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள். பால்குடத்துக்கென்று நான் தைத்தது. காலையில்தான் அக்கா போட்டுப் பார்த்திருந்தாள். "அண்ணே, இது அம்மாவுக்குத் தொளதொளன்னு கீது. அளவு தப்பாயிடுச்சா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அளவாவது தப்புவதாவது! டேப்பைச் செல்வியிடம் கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னேன். அவள் சொன்ன எண்ணைக் கேட்டதும் தவளையைத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் கத்தினேன். "பாய்! அக்கா எளைச்சிட்டாங்க! ஸ்பிரிங்கு எளைக்கல!"

விஷயம் அவ்வளவுதான். விரதத்துக்கு முந்தின அக்காவுக்கு ஏற்ற ஸ்பிரிங்கு அது. இப்போது உட்காருகிற அக்காவின் பாரம் அதற்குப் போதவில்லை. அமுங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது, உதறுகிறது.

பாய்க்கு ஒரே சந்தோஷம். "இதானா? நாலு இட்லி துண்ணு அக்கா, சரியாப் பூடும்."

"விரதம் பாய்!" என்று நானும் செல்வியும் ஒரே குரலில் அலறினோம்.

"அப்ப இடுப்புல மண்ணு மூட்டை கட்டிக்கட்டும்."

"முருகன்கிட்டயே எடைல ஏமாத்தச் சொல்றியா?" என்று அக்கா எழுந்துவிட்டாள். குரல் திரும்பி வந்துவிட்டது. "நான் ஏற மாட்டேன். ஸ்பிரிங்க எறக்கு."

வளையத்தைத் தளர்த்தித் தளர்த்தி, டேப் பிடித்து, பழையபடி நாலில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தோம். அக்கா ஒரு சுற்று போய் வந்தாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள் செல்வி. காய்ந்திருந்தது.

மறுநாள் மஞ்சள் புடவை. ரெண்டு பக்கமும் அவசரமாகப் பிடித்துத் தைத்த ரவிக்கை. வேட்டைக்குக் கிளம்பினவள் மாதிரி ஒரு முகம். தலையில் சும்மாடு, அதன் மேல் விளிம்பு வரைக்கும் பால் நிறைந்த குடம். தவளை கிளம்பியது. காவடிகளும் மேளமும் முன்னால் போக, பால்குடக்காரர்கள் நடுவே அக்கா மட்டும் ஒரு முழம் உயரத்தில் வந்தாள். ஒரு பக்கம் நான், மறுபக்கம் பாய், அரையோட்டமாக ஓடினோம். நான் "அரோகரா" என்றேன். பாய் "பிரேக்கு, பிரேக்கு" என்றார்.

ஸ்பீட் பிரேக்கர் ஒன்றும் செய்யவில்லை. அடுத்து வந்ததுதான் பெரிய கண்டம். தர்மகர்த்தா தன் வீட்டுக் குழாய் இணைப்புக்காக ரோட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் வெட்டி, மண்ணை அரைகுறையாகத் தள்ளி மூடியிருந்தார். மாட்டு வண்டியே அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கும். கூட்டம் ஒதுங்கியது. சிலர் வேடிக்கை பார்க்கவே அங்கே இடம் பிடித்து நின்றிருந்தார்கள். "இறங்கிடு அக்கா" என்றேன்.

"மூடு."

முன்சக்கரம் இறங்கியது, ஏறியது. பின்சக்கரம் இறங்கியது. ஸ்பிரிங்கு மூச்சை இழுத்துக்கொள்வது போல உள்ளே போய், மெதுவாக வெளியே வந்தது. மாவிலை ஆடியது. அவ்வளவுதான். பாய் தலைத் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கோயில் வளைவில் தர்மகர்த்தா குறுக்கே நின்றார். "நில்லு. வண்டில வந்த பாலு அபிஷேகத்துக்கு ஆகாது."

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அக்கா நல்ல காலை ஊன்றி நின்றாள். தலை அசையவில்லை.

"பாலு எங்க நைனா வண்டில வந்துச்சி? பாலு என் தலைல வந்துச்சி. வண்டில வந்தது நானு. என்னிய வேணுமின்னா அபிஷேகம் பண்ணாதே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "தோளப் பாரு. முதுகப் பாரு. நீ வெட்டி வெச்ச பள்ளத்துலயே சிந்தல. இங்க நின்னுக்கினு வாதாடித்தான் சிந்தணும் போல கீது."

தர்மகர்த்தா நிஜமாகவே பார்த்தார். தோளைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். அப்புறம் கீழே, வீங்கியிருந்த குதிகாலைப் பார்த்தார். "வண்டி உள்ள வரக்கூடாது" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வண்டி வராது. நான் வரேன். பாய், வண்டியப் புடி. என்னப் புடிக்காதே."

அங்கிருந்து சன்னதி வரைக்கும் ஸ்பிரிங்கு கிடையாது. முற்றம், அப்புறம் படிகள். அந்தக் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அக்காவின் உதடு வெளுத்து, மறுபடி நிறம் வந்தது. தாங்கிப் பிடிக்க நாலு பக்கமும் கைகள் நீண்டன. "யாரும் தொடாதீங்க" என்றாள். சன்னதியைப் பார்த்து, "வந்துக்கினே கீறேன், இரு" என்றாள். தர்மகர்த்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவளுக்கு ஒரு படி கீழே, ரெண்டு கையையும் விரித்து வைத்தபடி, தொடாமல் கூடவே ஏறினார். கடைசிப் படியில் அக்கா ஒரு தரம் தள்ளாடினாள். மாவிலை ஒன்று விளிம்புக்குச் சாய்ந்தது. செல்வி என் கையை நசுக்கிப் பிடித்தாள். அக்கா அப்படியே நின்றாள். பால் அடங்கும் வரைக்கும் நின்றுவிட்டு, ஏறிவிட்டாள்.

குருக்கள் குடத்தை இறக்கி உள்ளே பார்த்தார். "நிறைஞ்சிருக்கும்மா" என்றார். அக்கா முதல் தடவையாகச் சன்னதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் கும்பிடும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறவன். அன்றைக்கு மூட முடியவில்லை. அந்தப் பால் முருகன் தலையில் விழும்போது நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தப்பாக நினைத்திருக்க மாட்டார். அவர் கண்ணும் அந்தப் பக்கம்தான் இருந்தது.